மாதக் கடைசியில் செய்த கார்டு

மார்ச் 4

அக்காவுக்கு,

சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் தொழிற்சாலை விடுதியில் போனைக் கையில் தரும் அரைமணி நேரத்தையும் அந்தக் கேள்விகளாலேயே அம்மா நிரப்பிவிடுகிறாள். எனக்கு மிஞ்சுவது "சரிடா, வெச்சிடறேன்" மட்டும். அதனால்தான் தபால்.

விஷயம் இதுதான். பாகம் பாகமாக வாங்கி, நானே ஒரு கம்ப்யூட்டர் சேர்க்கப் போகிறேன். படிப்புக்கு, வேலைக்கு என்றெல்லாம் உன்னிடம் கதை விட மாட்டேன். விளையாடத்தான். பட்டம் வாங்கிவிட்டுப் பகல் முழுக்கப் பார்சல் தூக்குகிறேன். கதவைத் திறக்கிறவன் பெட்டியைப் பார்க்கிறான், பெட்டிக்கு மேலே ஒரு முகம் இருப்பதைப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் யாரையாவது திரையில் சுட்டுத் தள்ள எனக்கு உரிமை இல்லையா?

ப்ராசஸர் நடுத்தரம் போதும். ரேம் இப்போது ஒன்று, கை நிமிர்ந்தால் இன்னொன்று. கேபினட் பழசு, ஒரு பக்கம் மூடி இல்லை. காற்றோட்டம் என்று நினைத்துக்கொள்கிறேன். பவர் சப்ளையையும் மலிவாகப் பார்த்தபோது கடைக்காரர் என் கையைத் தட்டிவிட்டார். "மத்ததுல எல்லாம் பிச்சை எடு, இதுல எடுக்காத. இது போனா தனியாப் போகாது, கூட இருக்கறதையும் கூட்டிட்டுப் போயிடும்."

பாக்கி இருப்பது கிராபிக்ஸ் கார்டு. விளையாட்டின் படத்தைத் திரையில் ஓட்டுவது அதுதான். என் பணத்தில் பாதியை அதுவே விழுங்கும். நீங்கள் செய்கிற கார்டு மேல்தான் கண். வாங்கலாமா? உங்களுக்குத் தள்ளுபடி ஏதாவது உண்டா?

உன் தம்பி

மார்ச் 15

அன்புத் தம்பிக்கு,

தள்ளுபடியா? இருக்கிறது, எங்கள் சம்பளத்தில். தண்ணீர் குடிக்கப் போனால்கூடக் கழிக்கிறார்கள்.

உன் கடிதத்தை இரண்டு தவணையாகப் படித்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன். படித்ததும் எரிச்சல்தான் வந்தது, மறைப்பானேன்? நான் நின்றுகொண்டே செய்வதை இவன் உட்கார்ந்து விளையாட வேண்டுமாக்கும் என்று. மறுநாள் வேலையில் நிற்கும்போது மனசு மாறியது. எவனோ ஒருவன் விளையாடத்தான் போகிறான், அவன் என் தம்பியாக இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு கார்டுக்கு ஒரு விசிறி, நான்கு திருகு. இதுதான் என் வேலை. அந்தக் கார்டு என்ன செய்யும் என்பதே நீ எழுதித்தான் எனக்குத் தெரியும்.

வாங்கு. ஆனால் மாதக் கடைசியில் செய்ததை வாங்காதே, பெட்டியில் தேதி போட்டிருக்கும். ஒவ்வொரு கார்டையும் ஒரு மணி நேரம் சூடேற ஓட்டிப் பார்த்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். கடைசி வாரத்தில் கேட்ட எண்ணிக்கை எட்டாது. அப்போது பத்தே நிமிடம்தான் ஓட்டுவார்கள். முத்திரை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டியதாக விழும்.

அந்தச் சோதனை மேசையில் இருப்பவள் என் பக்கத்துக் கட்டில்காரி. மேற்பார்வையாளர் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று 'உஸ்ஸ்' என்று மூச்சு விடுவார். "விசில் வந்துடுச்சு, இறக்குங்கடி" என்பாள் அவள். அவருக்குக் 'குக்கர்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். ஒருநாள் அது அவர் காதிலேயே விழுந்து அவளுக்கு அரைநாள் சம்பளம் போயிற்று. அப்படியும் வாய் அடங்கவில்லை. அவள் இல்லாவிட்டால் எனக்கு இங்கே பைத்தியம் பிடித்திருக்கும்.

இதெல்லாம் உன்னோடு இருக்கட்டும்.

அக்கா

மார்ச் 27

அக்கா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னைப் போல ஒருவன் வருஷம் முழுக்கச் சேர்த்து வாங்குகிறான். அவனிடம் பத்து நிமிடம் ஓட்டிய கார்டை விற்று ஏமாற்றுகிறார்கள். உங்களையும் பிழிந்து அவனையும் பிழிகிறவன் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கிறான். எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது?

எழுதிவிட்டேன். கம்ப்யூட்டர் சேர்ப்பவர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் போட்டே எழுதினேன். மாதக் கடைசி, பத்து நிமிடம், பொய் முத்திரை எல்லாவற்றையும். குக்கர் கதையையும் சேர்த்தேன், அதைத்தான் எல்லாரும் ரசித்தார்கள். ஆயிரக்கணக்கில் பகிர்ந்திருக்கிறார்கள். பயப்படாதே, உன் பெயர் இல்லை, என் பெயரும் இல்லை. என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நான் சொன்னதை நாலு பேர் கேட்டார்கள், அக்கா.

கார்டு தவிர எல்லாம் வந்துவிட்டது. பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 9

தம்பிக்கு,

என் பெயர் இல்லைதான். குக்கர் இருந்தாரே.

எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்து நீ எழுதியதை உரக்கப் படித்தார்கள். படித்தது அவரேதான். தன் பட்டப்பெயர் வந்த இடத்தில் நிறுத்தி, நேராக அவளைப் பார்த்தார். அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது. ஊரில் அவள் மகளும், மகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவும்தான். யார் வழியாகப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? நான் தூங்கிப்போன உன் முதல் கடிதத்தின் மீதியை, இதே கட்டிலில் உட்கார்ந்து அவள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

போகும்போது ஒன்று சொன்னாள். "எழுதினவன் அதே எடத்துல அது பொய்னு எழுதினா, என்னைத் திரும்ப எடுத்துக்கறதப் பத்தி யோசிப்பாங்களாம். சொல்லிப் பாருடி." கெஞ்சவில்லை. பஸ்ஸுக்கு நேரம் கேட்பதுபோலக் கேட்டாள்.

நீ எழுதியது எல்லாம் உண்மைதான். உனக்கு ரோஷம் வந்தால் எழுதிவிட்டு உட்காரலாம். எங்களுக்கு அது கட்டுப்படியாகாது. அவள் இடத்தில் இப்போது என்னை நிறுத்தியிருக்கிறார்கள். போன மாதக் கடைசியில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஒரு மணி நேர முத்திரை குத்தியது நான்.

பொய் என்று எழுது. எழுதிவிட்டு எனக்குத் தெரிவி. அதுவரை வேறு எதையும் எழுதாதே.

அக்கா

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

எழுதிவிட்டேன். 'நான் சொன்னது எதுவும் நடந்ததில்லை, பொழுது போகாமல் கட்டிய கதை' என்று. என்னைத் திட்டாதவர்கள் பாக்கியில்லை. கூலிக்கு எழுதினாயா என்று கேட்டார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

ஒருவன் மட்டும் தனியாக எழுதியிருக்கிறான். லாரி கழுவுகிறவனாம். மாதக் கடைசியில் செய்த கார்டுதான் அவன் வாங்கியது, மூன்றாம் வாரமே திரை கறுத்துவிட்டது. 'முதல்ல நீங்க எழுதினதைக் காட்டித்தான் கடையில சண்டை போட்டுட்டு இருந்தேன். இப்ப அதே பக்கத்தைக் காட்டி என்னை வெளிய போகச் சொல்றாங்க. எது நிஜம், அண்ணா?' என்று கேட்கிறான்.

அவனுக்கு நான் பதில் போடவில்லை. போடவும் மாட்டேன்.

உன் பக்கத்துக் கட்டில்காரியைத் திரும்ப எடுத்தார்களா? அது ஒன்றை மட்டும் எழுது, அக்கா.

தம்பி