பகிடிக்குச் சைக்கிள் உழக்கிய மச்சாளுக்கு

மச்சாள், இன்று மத்தியானம் உங்கள் ஆளின் குரல் கேட்டது. நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அம்மா விறாந்தையில் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். நாள் முழுக்கப் பகிடி மட்டுமே காட்டுகிற அலைவரிசை ஒன்று இப்போது வருகிறது. அதில், நாங்கள் கசற்றில் கேட்ட படத்தின், முதலாளியை வாயாலேயே மடக்கும் அந்த வேலைக்காரன் வந்தான். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். மீன் மணக்கும் கையோடேயே போய் நிறுத்தினேன். "ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ?" என்று கேட்டார். நான் குசினிக்குத் திரும்பி வந்துவிட்டேன். இத்தனை வருடமாகியும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை.

சண்டையால் நாங்கள் மின்சாரத்தை மறந்திருந்த காலம் அது. அண்ணை உங்களை எங்களோடு விட்டுவிட்டு, கிளாலிக் கடலால் படகேறிக் கொழும்புக்கென்று போனவர், போனவர்தான். கரை சேர்ந்தாரா, படகோடு போனாரா, இன்றுவரை ஒரு சேதியும் இல்லை. அவர் விட்டுப்போன சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்துக் கசற் றேடியோவுக்குக் கொடுத்திருந்தோம். யாராவது ஏறிப் பெடலை உழக்கினால்தான் அது கதைக்கும். மானிப்பாய் வீட்டில் அப்படி உழக்க நீங்கள் மட்டும்தான் இருந்தீர்கள். எனக்கு ஒரு பாட்டுக்கே கால் சோர்ந்துவிடும். நீங்கள் ஒரு முழுப்படத்தின் கதைவசனத்தையே ஓட்டி முடிப்பீர்கள்.

உழக்குகிறவர் சிரிக்கக் கூடாது. சிரித்தால் கால் தளரும், குரல் இழுபடும். நீங்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உழக்க, நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். குசினிக்குள் அம்மாவும் சிரிப்பார். கசற் நின்ற பிறகுதான் உங்கள் சிரிப்பு வரும். அடக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வர, ஹாண்டிலில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்குவீர்கள். அதைப் பார்த்து நாங்கள் இரண்டாந்தரம் சிரிப்போம்.

படங்களைப் பற்றி உங்களிடம் ஒளிவுமறைவான அபிப்பிராயம் எதுவும் இருந்ததில்லை. கதாநாயகன் கன்னத்தில் அறைந்ததும் அந்தப் பெட்டைக்குக் காதல் வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் திட்டுவீர்கள். அம்மாமார் இருமத் தொடங்கினால் இடைவேளை வந்துவிட்டது என்பீர்கள். கறுத்த பெண்ணையோ குண்டுப் பெண்ணையோ பழித்து ஒரு பகிடி வந்தால் காலை எடுத்துவிடுவீர்கள். குரல் பாதியில் செத்துப்போகும். "உந்தப் பகிடிக்கு நான் உழக்க மாட்டன்" என்பீர்கள். நான் கெஞ்சினாலும் நடக்காது. சைக்கிள் சில்லைக் கையால் சுற்றி அந்த இடத்தைக் கடத்தவேண்டியது என் வேலை. அந்த வேலைக்காரன் ஒருவனிடம்தான் உங்களுக்கு மரியாதை. யாரையும் பழிக்காமல், அடியும் வாங்காமல் சிரிக்க வைக்கிறான் என்பீர்கள். நல்ல கட்டைக் குரல், ஆள் மலை மாதிரி இருப்பான் என்றும் அடித்துச் சொல்வீர்கள். நானும் நம்பியிருந்தேன்.

பின்வீட்டுக்காரர் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வீடியோ டெக்கும் ஜெனறேற்றரும் வாடகைக்கு எடுத்தபோது, அந்த வேலைக்காரனின் படத்தையே போடச் சொல்லிக் கேட்டது நீங்கள். காலையிலேயே தலை முழுகி, பச்சைச் சேலை கட்டி, முன்வரிசைப் பாயில் போய் இருந்தீர்கள். அறை நிறைந்த சனம். அம்மா பின்னாலிருந்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"என்ரை பிள்ளை எங்கையெண்டு தெரியேல்லை. உமக்குப் பகிடிப்படம் கேக்குதோ?"

நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெனறேற்றருக்கு எண்ணெய் காணுமோ என்று பார்த்து வருவதாகச் சொல்லி எழும்பினீர்கள். நான் பின்னால் ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்தேன். "நான் கேட்ட படம்தானே. நீர் போய் அவன்ரை முகத்தைப் பாத்து வந்து சொல்லும்" என்றீர்கள். அந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் உங்களுக்கு வசனம்கூடக் கேட்டிருக்காது.

மகனைத் தொலைத்த தாய்க்குப் பேச உரிமை இருக்கிறது என்று ஊர் சொன்னது. இருக்கட்டும். ஆனால் அதே தாய் எழும்பிப் போகவில்லை, மச்சாள். படம் முடியும்வரை இருந்தார். சிரிப்பு வந்த இடமெல்லாம் சிரித்தார். உங்கள் காலால் வரும் மின்சாரம் வேண்டும், உங்கள் வாயில் சிரிப்பு மட்டும் வரக்கூடாது. இது என்ன நியாயம்? அந்த அறையில் ஒருவராவது கேட்டார்களா?

நான் பார்த்து வந்து சொன்னேன். ஆள் நோஞ்சான், குரல் கீச்சுக் குரல், வசனத்தைக் கடகடவென்று கொட்டுகிறான் என்றேன். நாங்கள் அத்தனை காலமும் கேட்டது சைக்கிள் வேகத்துக்கு இழுபட்ட குரல் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நீங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. "அது டெக்கின்ரை பிழை. உவையள் கெதியாய் ஓடவிட்டிட்டினம்" என்றீர்கள். கண் சிவந்திருந்தது. மண்ணெண்ணெய்ப் புகை என்றீர்கள்.

பிறகு சண்டை நெருங்க, வலிகாமமே வெறிச்சோடி, எல்லோரும் தென்மராட்சிக்கு நடந்தோம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் உங்களுக்கு மலேரியா வந்தது. குளிசைக்கு நான் அலையாத இடமில்லை. உங்களை அங்கேயே எரித்துவிட்டு, மூன்று பேராய் விட்டுப்போன வீட்டுக்கு அம்மாவும் நானும் திரும்பினோம்.

இன்றைக்கும் கறுத்த பெண்ணைப் பழித்துப் பகிடி வந்தால் என் கால் நின்றுபோகிறது, எழும்பிப்போய் நிறுத்துகிறேன். நல்ல பகிடி என்றால், உங்களைப்போல எல்லாம் முடிந்த பிறகுதான் சிரிப்பு வருகிறது. இன்று அதுவும் வரவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு விறாந்தைக்குப் போனேன். அம்மா கறுத்த திரையைப் பார்த்தபடி அப்படியே இருந்தார்.

"மச்சாள் இன்னும் அவன்ரை முகத்தைப் பாக்கேல்லை அம்மா" என்றேன்.

அவருக்கு விளங்கியது. மடியில் கிடந்த ரிமோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.