முன்னால்தான் போகிறது

லயனல்,

ஓவனில் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் இருக்கிறது. இந்த முறை நீ சூடாக்க வைத்த கார்ப் பல்சக்கரம் இல்லை, தைரியமாகத் திற.

பழங்கார்ச் சங்கத் தலைவராகிய தாங்கள் நம் காரின் பின் அச்சின் பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றிப் பூட்டி, முதல் கியரிலேயே பின்னால் போய்ப் பக்கத்து வீட்டுக் குவெனின் ரோஜா வேலியை இடித்ததை ஊர் மறக்காது. "என்ன லயனல், கல்யாணப் பொண்ணை இப்படியேதான் சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவியா?" என்று குவென் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

மறுபடி பிரித்துப் பூட்டியவன், ஓட்டிப் பார்க்கப் பயந்து போர்வை போட்டு மூடிவிட்டாய். சனிக்கிழமை மகள் ஹேசலின் கல்யாணம். அதனால் நீ தூங்கும்போது நானே சர்ச் வரை ஓட்டிப் பார்த்தேன். முன்னால்தான் போகிறது. ஒரு முனகல்கூட இல்லை. சர்ச் வாசலில் நிறுத்திக் கொஞ்சம் அழுதேன்.

இப்போது அதே காரில் ஹேசலை ரயிலடியிலிருந்து அழைத்துவரப் போகிறேன்.

மார்ஜரி

பி.கு.: சக்கரப் பற்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்கப் பூசிய நீலச் சாயத்தை நீ துடைத்தது என் நல்ல துண்டில்.

இன்னொன்று: குவென் வேலியோரம் நின்று, "மெக்கானிக்கை வரவச்சீங்களாடி?" என்றாள். "எங்க வீட்டுக்காரரேதான்!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.