மீன்காரக்காவின் வலது கை

வெள்ளிக்கிழமை.

பல்லாவரத்தில் மீன் விற்ற அக்கா ஒருவர் இன்று என்னிடம் மூளை அலையைப் பதியும் ஈஈஜி எடுக்க வந்தார். பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. தலை முழுக்க ஒயர் ஒட்டிவிட்டு, "கையை மடக்குங்கக்கா" என்றேன். அசையவில்லை. வெளியே கூட்டம்.

"முயற்சியே பண்ணாம படுத்திருந்தா எப்படி?" என்று எரிந்து விழுந்தேன்.

"பண்ணிகினுதான் கீறேன் சார்."

மறுபடி மடக்கச் சொல்லித் திரையைப் பார்த்தேன். மூளையில் கைக்கான இடத்தில் ஓடிய அலை சட்டென்று அடங்கியது. கையை அசைக்க முனைந்தால்தான் அது அப்படி அடங்கும். விரல்கள் மட்டும் கிடந்தபடி கிடந்தன.

"இன்னா சார் தெரியுது?"

"டாக்டர் சொல்வார்." ஈஈஜி எடுக்கும் நாங்கள், வருகிற எல்லோருக்கும் சொல்லும் பதில்தான். இன்று அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

தலையில் காய்ந்த பசையோடு போகும்போது அவர்தான் என்னிடம் சொன்னார்: "கோச்சிக்காத சார்."