ஓரத்தில் விதைக்க வேண்டிய பொட்டலம்

அன்புள்ள அப்பா,

நீங்களும் அம்மாவும் நலமா? எனக்கு ஒரு குறையுமில்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு வேடிக்கை. நீங்கள் விதைக்கும் பூச்சி எதிர்ப்புப் பருத்தியின் இலையைத் தின்ற புழுக்கள் சாகாமல் கொழுத்துவிட்டன. "மாமியார் வீட்டு விருந்தாய்யா வெச்ச?" என்று சிரித்த மேலாளர், "அறிக்கையில எழுதிடாத, விதைக் கம்பெனி கோவிச்சுக்கும்" என்றார். காய் சொத்தையாகி நிற்கும் விவசாயிகளுக்குக் கோபமே வராதா? எழுதிவிட்டேன்.

விதைப் பையோடு வரும் சின்னப் பொட்டலத்தை இந்த முறை எறியாதீர்கள். அது பூச்சி எதிர்ப்பு இல்லாத சாதாரண விதை. வயலோரத்தில் விதையுங்கள். அதில் வளரும், எதிர்ப்புச் செடிக்குப் பழகாத பூச்சி, அதைத் தின்றும் சாகாத பூச்சியோடு இணைந்தால், பிறக்கும் புழுக்களுக்கு அந்தத் தாங்கும் சக்தி இருக்காது; நம் செடி கொன்றுவிடும். "தண்டம், வீசுங்கப்பா" என்று அன்று சொன்னவன் நான்தான்.

விதைத்ததும் நாலு வரி எழுதுங்கள். இங்கே பேச ஆளில்லை.

நாளை மேலிடத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். திடீரென்று வந்து நின்றால், அம்மா முன்னால் காரணம் கேட்காதீர்கள்.

அவசரத்தில்,
உங்கள் பெரியவன்