சரிவுப் பாதையில் ஸ்ட்ரெச்சர்

ஜூலை 4, வெள்ளி

ஐந்தாம் வகுப்புக்கு இன்று விசைப் பாடம். பலகையைச் சரித்து வைத்து பொம்மைக் கார் விட்டோம். ஒரு தடவை வெறும் பலகை, ஒரு தடவை துணி விரித்த பலகை. "ஒண்ணை மட்டும் மாத்தணும், மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்" என்று தொண்டை வலிக்கச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் தம்பி சீருடையோடு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். வார்டுபாய் அவன், ஆறு மணி வரை வேலை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்கு இறங்கும் சரிவுப் பாதையில் ஸ்ட்ரெச்சரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறக்கப் போயிருக்கிறான். வண்டி தானாக இறங்கிச் சுவரில் மோதிவிட்டது. படுத்திருந்த நோயாளி, ஒரு தையல்காரம்மா, கீழே விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிவு.

"பிரேக் மிதிச்சேன்க்கா."

மூன்று முறை சொன்னான். நான் கேட்டது ஒரு முறைதான்.

ஜூலை 5

தம்பி சாப்பிடவில்லை. நானும் சாப்பிட்டதாகப் பேர் பண்ணினேன்.

ஜூலை 7, திங்கள்

விசாரணை முடியும்வரை அவனை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். விசாரணை பதினெட்டாம் தேதி. அரைநாள் விடுப்பு போட்டு ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளரைப் பார்த்தேன்.

"பிரேக் நல்லா இருக்கு டீச்சர். பார்த்தாச்சு. அப்போ மிதிக்கலைன்னுதானே அர்த்தம்?"

தரை மாறியிருக்கிறதே என்றேன். சரிவின் கீழ்ப்பாதிக்குப் போன மாதம்தான் பளபளக்கும் புதுக்கல் பதித்திருக்கிறார்கள். மேல்பாதி பழைய சிமென்ட். அன்றைக்கு வண்டி நின்றது புதுக்கல்லில். சோதித்துப் பார்க்கலாமே?

"எப்படின்னு நீங்களே எழுதிக் குடுங்க."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அதே வண்டி, அதே சாய்வு, பிரேக் போட்டு, அந்தம்மாவின் எடைக்குச் சமமாக ஐம்பது கிலோ மணல். புதுக்கல்லில் பத்து முறை, சிமென்டில் பத்து முறை. தரை மட்டும்தான் மாறும். எழுதி முடித்ததும் ஒரு தைரியம் வந்தது. பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

ஜூலை 10

நகரவே இல்லை.

பராமரிப்புப் பொறியாளர் ஐந்து மணல் மூட்டைகளை ஸ்ட்ரெச்சரின் நடுவில் அடுக்கினார். புதுக்கல்லில் பத்து முறை. ஒரு தடவையாவது, ஒரு விரல்கடையாவது... இல்லை. சிமென்டிலும் இல்லை. அவர் நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். தம்பி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குக் குழியை நானே அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டேனே. யாரு கேட்டா என்னை? சும்மா இருந்திருக்கக் கூடாதா?

சாயங்காலம் அவனே வாயைத் திறந்தான். "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா. தினமும் நாப்பது தடவை மிதிக்கிறேன். அதனால மிதிச்சேன்னு சொல்லிட்டேன். அந்த ஒரு தடவை... நெஜமா ஞாபகம் இல்லக்கா."

பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 12, சனி

தையல்காரம்மாவைப் பார்க்கப் போனேன். முன்னறையில் தையல் இயந்திரத்துக்குப் போர்வை போர்த்தியிருந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்தார். என்னைவிட ஒரு தலை குள்ளம். நாற்காலியில் கால் தரையைத் தொடவில்லை.

பிரேக் மிதிக்கும் சத்தம் கேட்டதா என்று கேட்டேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கையைப் பார்க்க வந்தியா, கேள்வி கேக்க வந்தியா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரே தண்ணீர் கொடுத்தார், இடது கையால். பிறகு சொன்னார்: "சத்தமெல்லாம் தெரியாதும்மா. வயித்து வலி. தலகாணியை ஒட்டிச் சுருண்டு கெடந்தேன்."

பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. சுருண்டு. தலையணையை ஒட்டி.

ஜூலை 13

வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் ஒன்றுதான். பலகையின் ஒரு முனையை அதன்மேல் வைத்தோம். மறுமுனைக்கு அதே உயரத்துக்குப் புத்தகங்கள். நான் மேலே படுத்தேன், தம்பி எண்ணைப் படித்தான். தலைப்பக்கம் முப்பத்தாறு. இயந்திரத்தை மாற்றி வைத்தால் கால்பக்கம் இருபத்தெட்டு. தலைப்பக்கமாக ஏறிச் சுருண்டு படுத்தால் கால்பக்கம் இருபதுகூட இல்லை.

அந்த வண்டியில் பிரேக் இருப்பது கால்பக்கச் சக்கரங்களில் மட்டும்! அவற்றின்மேல் பாரம் குறைந்தால் தரையைப் பிடிக்கும் பிடியும் குறையும். மூட்டைகளை நடுவில் வைத்தோமே, மனுஷி அப்படியா படுத்திருந்தாள்? எடை ஒன்றுதான், இடம் வேறு. பிள்ளைகள் இப்படிச் செய்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

ஆனால் வண்டி வழுக்கினாலும் அவன் மிதித்தான் என்று ஆகிவிடாதே. அவனிடம் சொன்னேன்.

"தெரியும்க்கா. ஞாபகம் இல்லைன்னே விசாரணையில சொல்லிடறேன்."

வேண்டாம்டா என்று வாய்வரை வந்தது.

ஜூலை 16

பொறியாளர் மறுபடி ஒத்துக்கொண்டார். இந்தத் தடவை மூட்டைகளை, அந்தம்மா சுருண்டு கிடந்த தலைப்பக்கமாக, நானே அடுக்கினேன். ஐந்தாவதை வைக்கும்போது, வேண்டியதைவிட நாலு விரல் அதிகமாகத் தள்ளிவிட்டிருந்தேன். வேண்டுமென்றா? தெரியவில்லை. மூட்டையை விட்டுக் கையை எடுத்தேன்.

"சார், நீங்க அடுக்குங்க. எனக்கு அவன் தம்பி."

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

புதுக்கல்லில் பத்துக்கு ஏழு முறை வழுக்கியது, பிரேக் போட்டபடியே. சிமென்டில் ஒரு முறைகூட இல்லை.

ஜூலை 18, வெள்ளி

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைப் பொறியாளர் சொன்னார். முடிவுகளைப் படித்துவிட்டுக் கண்காணிப்பாளர், "ஆக, நீ மிதிச்சிருக்கே, அவ்வளவுதானே?" என்று எழுதப் போனாராம். தலையாட்டினால் போதும். இவன், "ஞாபகம் இல்லைங்க சார். மிதிச்சேன்னு முன்னாடி சொன்னது தப்பு" என்றானாம்.

பாவி. என் பாவி தம்பி.

ஜூலை 23

கடிதம் வந்தது. பிரித்தது நான்தான், அவன் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டான். சரிவில் வண்டியைத் தனியாக விட்டுப் போனதற்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. திங்கள்முதல் வேலைக்கு வரலாம். கீழ்ப்பாதித் தரையைச் சொரசொரப்பாக்கப் போகிறார்கள். சரிவில் நிற்கும் வண்டிச் சக்கரத்துக்கு இனி மரக்கட்டை முட்டு. தையல்காரம்மாவின் வைத்தியம் முழுக்க ஆஸ்பத்திரி பொறுப்பு.

"வண்டிக்கெல்லாம் ஆப்பு, எனக்கு இல்லை" என்றான். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தம்மாவுக்குக் கட்டுப் பிரிக்க இன்னும் எத்தனை நாளோ. பிரித்த பிறகு ஊசியில் நூல் கோக்க வருமா?

ஜூலை 28, திங்கள்

முதல் நாள். பதினொன்றே முக்காலுக்கு, வகுப்பு நடுவில், தம்பியிடமிருந்து போன். வேலை நேரத்தில் அவன் கூப்பிடவே மாட்டான். எடுக்கவே பயம். வராந்தாவுக்கு ஓடிப் போய்த்தான் காதில் வைத்தேன்.

"அக்கா, வரும்போது பால் வாங்கணுமா?"

ரெண்டு பாக்கெட் வாங்கு என்றேன்.