வாரேன் சொல்லாமல் போனார்கள்

பரளச்சி,
செவ்வாய் இரவு

அன்பு மகன் ஆலனுக்கு,

இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துக்கொள், மணி பன்னிரண்டரை ஆகிறது, தூக்கம் வரவில்லை. கர்த்தர் கிருபையால் நாங்கள் சுகம், அப்பா பருத்தி லோடு ஏற்றிக்கொண்டு விருதுநகர் போயிருக்கிறார். உன் சுகம்தான் ஒன்பது நாளாகத் தெரியவில்லை. போனை எடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால்தான் காகிதம்.

அன்றைக்கு நீ போனில், கப்பல் சமையல்கட்டில் எண்ணெய் பற்றிக்கொண்டது, கால் மணி நேரத்தில் அணைத்துவிட்டோம், எனக்கு முழங்கையில் ஒரு கொப்புளம் மட்டும்தான், யாரிடமும் சொல்லாதே என்றாய். கூடப்பிறந்த தம்பியிடம் மட்டும்தான் சொன்னேன். உன் இன்பராஜ் மாமா டவுனில் செய்தி சேனலுக்குப் படம் பிடிக்கிறவன் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாளே மைக்கோடு வந்து, கப்பல் எரிஞ்சுருச்சுன்னு கிளப்பிவிடுறாக, பையன் நல்லா இருக்கான்னு நீயே சொல்லுக்கா என்றான். நம்பிச் சொன்னேன். கொப்புளத்தை நினைத்துப் பாதியில் அழுதுவிட்டேன், பழைய கப்பல் போல என்றும் வாயில் வந்துவிட்டது.

சாயங்காலம் டிவியில் உன் யூனிபார்ம் போட்டோ, பக்கத்தில் நான் அழுகிறேன், பின்னால் எந்த நாட்டுக் கப்பலோ கொழுந்துவிட்டு எரிகிறது. கதறும் தாய் என்று சிவப்பு எழுத்து. நாலு பேர் உட்கார்ந்து நம் கடற்படையே ஓட்டை என்று பத்து மணி வரை கத்தினார்கள். நீ நன்றாக இருக்கிறாய் என்று நான் சொன்னதைக் காணோம், பழைய கப்பல் என்றது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் விடியும் முன்னே முதல் பஸ்ஸில் வீரசோழனிலிருந்து சவுந்தரம் பெரியம்மா வந்து இறங்கினார், தலைகூடச் சீவவில்லை. ஏ ஆத்தா சுஜிதா, ஒத்தப் பயலாச்சேடி என்று வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டார். அவன் பேசினான் பெரியம்மா என்று போனைக் காட்டினேன், அப்படித்தான் சொல்லி வப்பாக, மனசத் தேத்திக்க என்கிறார். காப்பியை வாயில் வைக்கவில்லை. துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக்கூடாதல்லவா, அதனால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். உயிரோடு இருக்கிற பிள்ளைக்காக ஏழு பேர் அன்றைக்கு அப்படிப் படியிறங்கிப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்டா.

இன்பராஜிடம் சண்டைக்குப் போனேன். நல்லா இருக்கான்னா யாருக்கா பாப்பாக, அழுதாத்தான் ஓடும் என்று சிரிக்கிறான். நான் இடுப்பில் தூக்கி வளர்த்த பயல். இனி அவன் முகத்தில் முழிக்கமாட்டேன்.

அன்று ராத்திரி நீ பேசினாய். ஒங்கம்மாட்ட யாரு சொன்னதுன்னு ஆபீசர் கேக்குறாரு, தலை நிமிர முடியலம்மா என்றாய். நான் வாய் திறக்குமுன் வைத்துவிட்டாய். எப்போதும் வாரேம்மா என்பாய், அன்றைக்கு அதுவும் இல்லை. தம்பி ஏமாற்றிவிட்டான் என்று அழுகிறேன், சொல்லாதே என்று நீ சொன்னதைச் சொன்னவள் நான்தானே. நடந்ததை நடந்தபடி உன் ஆபீசருக்கு எழுதித் தரட்டுமா, நீ சொன்னால்தான் எழுதுவேன்.

கொப்புளத்தைக் கிள்ளாதே, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள். நீரிலும் தீயிலும் கர்த்தர் உன் கூடவே இருப்பார். என்னைத் திட்டியாவது சீக்கிரம் பதில் எழுது, கடைசியில் வாரேன் என்று போடு.

உன் அம்மா,
சுஜிதா செல்வதுரை