வெள்ளை முடியோடு உட்கார்ந்திருக்கிறார் உன் அப்பா

டாமா, என் தங்கச்சி,

பாபா இன்றைக்கும் உன்னைக் கேட்டார். அவரைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். கதவைப் பார்த்து, "டாமா வேன்?" என்றார். டாமா எங்கே என்று. லீவில் போயிருக்கிறாள் என்று அரபியில் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார். நாளைக்கும் கேட்பார். வேறு என்னத்தைச் சொல்ல?

அமீரகத்தில், அல் ஐனில் இந்த வீட்டுக்கு நர்ஸாக நான் வந்தேன். படுக்கையில் கிடக்கும் பெரியவரை, நம் பாபாவை, குளிப்பாட்ட, ஊட்ட நீ வந்தாய். நமக்கு ஒரே அறை. இப்போது உதவிக்கு ஓர் ஆள் பகலில் வந்து போகிறாள், அவ்வளவுதான். பாபாவின் மகள், நம் மேடம், உன் கட்டிலை எடுத்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டார். துணி மடித்துவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். எனக்கு என்ன பெரிய துணி?

உனக்குத் தமிழ் தெரியாது. படிக்கிறவர்களுக்காவது நீ யாரென்று தெரியட்டும். நாம் பேசியது பாதி அரபி, பாதி ஆங்கிலம். நீ சொன்னதையெல்லாம் என் குமரிக் கடற்கரைப் பேச்சில்தான் என்னால் எழுத முடிகிறது. பொறுத்துக்கொள்.

கென்யாவின் கடலோரத்தில் உன் ஊர். தென்னை, முந்திரி, மரவள்ளி என்று நீ சொல்லச் சொல்ல எனக்கு என் ஊராகவே இருந்தது. உன் ஊர்ப் பக்கம் போகிறவர் யார் கிடைத்தாலும் ஒரு பொட்டலம் கொடுத்துவிடுவாய். உள்ளே தலைக்குப் பூசும் கறுப்புச் சாயம். "ஆருட்டி மாப்ள?" என்று கேலி செய்தேன்.

நீ சிரிக்கவில்லை. "எங்க அப்பாவுக்காக்கும் அக்கா. தலை வெளுத்தா எங்க ஊர்ல சூனியக்காரன்னு சொல்லுவானுவ. சொல்லிட்டா வெட்டிப் போட்டுருவானுவ."

ஒரு குழந்தை செத்தாலும், மாடு செத்தாலும், பழி நரைத்த தலையைத் தேடிப் போகும் என்றாய். "சூனியமாவது ஒண்ணாவது! கெழவன் பேர்ல நெலம் கெடக்கும். காரியம் அதுதான்." உன் அப்பா கசுங்குவின் பேரிலும் ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அம்மா இல்லை. நீ ஒரே மகள்.

பாபாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஃபோன் வந்தது. உன் சித்தப்பா மகனின் பிள்ளை காய்ச்சலில் இறந்துவிட்டது. கசுங்குதான் சூனியம் வைத்துத் தின்றுவிட்டார் என்று சொல்லி அரிவாளோடு வந்திருக்கிறார்கள். அவர் ஓடிப்போய்ப் பள்ளி வாத்தியார் வீட்டில் ஒளிந்திருக்கிறார். நீ ஃபோனை வைத்துவிட்டு பாபாவின் கால்விரல்களுக்கு நடுவே துடைத்து முடித்தாய். பிறகுதான் தரையில் உட்கார்ந்தாய்.

மேடம் நல்லவர்தான். ஆனாலும், "நீ போய்விட்டால் என் அப்பாவை யார் பார்ப்பது?" என்று கேட்டார். நீ குரலை உயர்த்தவே இல்லை. "உங்க அப்பாவுக்கு நீங்க இருக்கீங்க மேடம், அக்கா இருக்கா. எங்க அப்பாவுக்கு நான் மட்டுந்தான் இருக்கேன்." அவர் பாபாவின் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு டிக்கெட் போடச் சொன்னார்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவாய் என்று நினைத்தேன். நீ அவரைக் கையைப் பிடித்து ஊர்க்கூட்டத்துக்கே நடத்திக்கொண்டு போயிருக்கிறாய். ஆஸ்பத்திரி நர்ஸை அழைத்துவந்து, பிள்ளை எந்தக் காய்ச்சலில் போனது என்று எல்லார் முன்னாலும் சொல்லவைத்தாய். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: எங்க அப்பா ஓடிப்போனா தோப்பு யாருக்கு? செத்த பிள்ளையின் தாய் ஜும்வா மட்டும் எழுந்துவந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தாளாம்.

நீ திரும்பி வரவில்லை. உன் விசாவை ரத்து செய்தார்கள். நீயும் ஜும்வாவும் வீடு வீடாகப் போய் வயதானவர்களை ஒன்றுசேர்த்தீர்கள். யாரையாவது மிரட்டினால் எல்லாருமாகப் போய் அந்த வீட்டு முற்றத்தில் உட்காருவது என்று முடிவு. அதிகாரிகளிடம் அலைந்தாய். "மொதல்ல பாதுகாப்பு, பொறவு முதியோர் உதவிப்பணம். ரெண்டும் பிச்சை இல்ல அக்கா. ஆனா பணம் வாங்க ஆளு உசுரோட இருக்கணும்லா?" என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். இன்னும் அழிக்கவில்லை.

பிறகு ஒருநாள் உன் நம்பரிலிருந்து ஃபோன். "எட்டி, எங்கட்டி போன இத்தன நாளா?" என்றுதான் எடுத்தேன். பேசியது ஜும்வா, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்றாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம். எத்தனை பேரை அப்படிப் பார்த்த நர்ஸ் நான்! நீ என்றதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, டாமா.

உன்னை அடக்கம் செய்த அன்றே முணுமுணுப்பு கிளம்பியிருக்கிறது. கிழவன் இப்போது சொந்த மகளையே தின்றுவிட்டான் என்று. நான்கைந்து பேர் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். ஆனால் முற்றத்தில் இடமில்லை. நீ சேர்த்துவைத்த பெரியவர்கள் எல்லாரும் உன் அப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். யார் தலையிலும் சாயம் இல்லை. உன் அப்பாவும் வெள்ளை முடியோடு நடுவில் இருந்திருக்கிறார். ஜும்வா வாசலை மறித்து நின்று, "எம் புள்ள போனதையும் நான் பாத்தேன், இவ போனதையும் நான் பாத்தேன். அந்த மனுசன் ரெண்டு பேருக்கும் அழுதாரு. நீங்க அழுதீங்களா?" என்று கேட்டாளாம். வந்தவர்கள் போய்விட்டார்கள். இன்றுவரை திரும்பி வரவில்லை.

இதை இங்கே ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் ஊர் ஆட்களிடம் சொன்னேன். ஓர் அண்ணன், "நம்ம ஊர்க் கெழடுகளப் பாக்கவே ஆளக் காணோம். நீ ஆப்பிரிக்காவுக்குக் கவலப்படுதியா சிஸ்டர்?" என்றார். "ஆள் இல்லாம கெடக்குறது என்னன்னு நமக்குத் தெரியும்லா அண்ணே? பொறவு நாம கேக்காம யாரு கேப்பா?" என்றேன். சிலர் அப்படியே நழுவிவிட்டார்கள். இரண்டு பேர் ஜும்வாவின் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

நீ போனதைச் சொன்ன அந்த ஃபோனிலேயே ஜும்வா உன் அப்பாவிடமும் கொடுத்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. அவர் ஏதோ கேட்டார். அவள் மாற்றிச் சொன்னாள்: "அங்கே தனியாகவா சாப்பிடுகிறாய் என்று கேட்கிறார்." மகளைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனிதர், டாமா. என்னைக் கேட்கிறார்.

அதற்குப் பிறகு ஞாயிறு மதியம் அழைக்கிறார். அங்கே தட்டு வைக்கும் சத்தம் கேட்கும். இங்கே நான் சோற்றைப் பிசைவேன். அவர் பேச்சு எனக்குத் தெரியாது, என் பேச்சு அவருக்குத் தெரியாது. சும்மா சாப்பிடுகிறோம். அவர் வைத்துவிட்டதும் இந்த அறை முன்னைவிட அமைதியாகிவிடுகிறது. அந்த நேரத்துக்கு என்ன செய்வதென்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மேடத்திடம் லீவு கேட்டுவிட்டேன். இந்த முறை முதலில் மொம்பாசாவில் இறங்கி உன் ஊர், அப்புறம்தான் என் ஊர். உங்கள் ஊர்க்கூட்டத்தில் அவர் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன். எல்லாரும் பார்க்கட்டும். கேட்க நாதியில்லாத கிழவன் என்று அவரை இனி யாரையும் சொல்ல விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அக்கா,
கசுங்குவின் மூத்த மகள்,
ஜெசிந்தா